பாதை என்ற சொல்

அன்புள்ள ஐயா,

ஊடகத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்காக மட்டக்களப்பு நகரில் நடந்த தொழிற்சந்தைக்குப் போயிருந்தேன். ஏழு மேசைகளில் சுயவிபரக் கோவை கொடுத்தேன். ஒரு மேசையில் இருந்தவர் என் முகவரியைப் பார்த்து, "இந்த ஊர் யாருக்குத் தெரியும்? மட்டக்களப்பு என்று மட்டும் போடுங்கள்" என்றார். அப்படியே மாற்றிவிட்டேன். நான் கொழும்புக்குப் போய் டிப்ளோமா படிப்பதா, இங்கேயே பகுதிநேர நிருபராகச் சேர்வதா? அம்மாவோ இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறார்.

வாசகி, படுவான்கரை

அன்புள்ள மகளுக்கு,

டிப்ளோமாவுக்கு வசதி இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஏழு மேசைகளில் நின்ற நீங்கள், அவர்களுடைய பிரதேச நிருபர்களில் எத்தனை பேருக்கு மாதச் சம்பளம், எத்தனை பேருக்குப் பிரசுரமான செய்திக்கு மட்டும் கொடுப்பனவு என்று ஒரு மேசையிலாவது கேட்டீர்களா? நிருபராக விரும்புகிறவர் கேள்வி கேட்காமல் கோவையை மட்டும் நீட்டிவிட்டு வந்திருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

உங்கள் அம்மாவிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த பத்திரிகையாளர் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடந்தார். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரோடு வாதாடாதீர்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி வேறு. ஊரின் பெயரை மாற்றிவிட்டேன் என்று எவ்வளவு இலகுவாக எழுதிவிட்டீர்கள்!

மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல். அதற்கு முன்னர் அங்கே மட்டக்களப்பு வாவியைக் கடக்க மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச்சென்ற மிதவையை நாம் 'பாதை' என்றே அழைத்தோம் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு மாரியில், நீரோட்டம் கடுமையாக இருந்ததால் பாதை ஓடவில்லை என்று நான் கொழும்புக்குத் தொலைநகலில் செய்தி அனுப்பினேன். ஆசிரிய பீடத்தில் இருந்த யாரோ ஒருவர், பாதை எப்படி ஓடும் என்று யோசித்து, என் பிழையைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு, 'மண்முனை வீதி வெள்ளத்தில் மூழ்கியதால் போக்குவரத்துத் தடை' என்று அச்சிட்டுவிட்டார். வீதியோ காய்ந்து கிடந்தது. மறுநாள் துறையடித் தேநீர்க் கடையில் ஒரு முதியவர் பத்திரிகையை என் முன்னால் விரித்து, "தம்பி, எங்கட ரோட்டு எப்ப தாண்டது?" என்று கேட்டார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். செய்திக்கு மேலே என் பெயர் இருந்தது. திருத்தியவரின் பெயர் இல்லை.

அன்றைக்கு அவர் மீதுதான் ஆத்திரப்பட்டேன். ஆனால் பிழையில் பாதி என்னுடையது. 'பாதை எனப்படும் மிதவை' என்று இரண்டு சொற்களைக் கூடுதலாக எழுதியிருந்தால் அவர் பேனாவை எடுத்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எந்தச் செய்தியிலும் படுவான்கரை என்றால் வாவியின் மேற்குக் கரை, எழுவான்கரை என்றால் கடற்பக்கம் என்று சலிக்காமல் விளக்கி எழுதினேன். அதையும் சில நாட்களில் வெட்டினார்கள். நானும் விடாமல் எழுதினேன். அந்த மேசைக்காரருக்கு உங்கள் ஊர் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைத் தெரியப்படுத்துவதற்குத்தானே அவருக்கு அங்கே ஒரு நிருபர் வேண்டும்? நகரத்தின் செய்தியைத் தர நகரத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யானை வேலி எந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது, எந்த வயற்கண்டத்துக்கு இந்தப் போகம் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஏழு மேசைகளில் எவருக்குத் தெரியும்? கையில் இருந்த ஒரே தகுதியை நீங்களே அழித்துவிட்டு, என்னிடம் டிப்ளோமாவைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

சுயவிபரக் கோவையைத் திருத்தி, ஊரின் பெயரோடு கிராம சேவகர் பிரிவையும் சேர்த்து, அந்த ஏழு பேருக்கும் மறுபடி அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி வரட்டும். எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.