குப்பையிலும் நிலக்கரியிலும் டீசல் எடுக்க முடியும் என்றால், ஏன் எல்லோரும் செய்வதில்லை?

எண்ணெய் நிறுவனங்கள் தடுக்கின்றனவா, சின்ன அளவில் நாமே தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிரம்மில் பிளாஸ்டிக்கைப் போட்டு அடுப்பு மூட்டி, குழாயில் எண்ணெய் சொட்டும் வீடியோ ஏதாவது பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வேலையில் ஆறு வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். பதில் எழுதாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

எண்ணெய் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். நிலக்கரிக்கு நீராவியும் ஆக்சிஜனும் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதுதான் சின்கேஸ். அதை இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தினால் டீசலும் மெழுகும் ஆகும். ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் 1920களிலேயே ஜெர்மனியில் செய்து காட்டிய முறை இது. தென்னாப்பிரிக்காவின் சசோல் நிறுவனம் 1955 முதல் நிலக்கரியில் எரிபொருள் தயாரித்து வருகிறது. யாரும் எதையும் பூட்டி வைக்கவில்லை. எண்ணெய் நிறுவனங்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடாதீர்கள், அவர்களிடம் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

கஷ்டமெல்லாம் வாயுவைச் சுத்தம் செய்வதில்தான்.

நான் இருந்தது ஒரு பைலட் பிளான்ட், அதாவது சின்ன அளவிலான சோதனை ஆலை. பெயர் வேண்டாம். நிலக்கரியோடு தரம் பிரித்த குப்பையையும் கலந்து, சின்கேஸ் உண்டாக்கும் உலையான கேசிஃபயரில் போடுவோம். முதல் மாதம் முழுக்கத் தாரோடு மல்லுக்கட்டினோம். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, பாகு மாதிரி நிற்கும். ஆறிவிட்டால் கல். கம்பியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அந்துருண்டை வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் கடைசி வால்வைத் திறந்தபோது, மெழுகுவர்த்தி போல வெள்ளை வெளேரென்று, வாடையே இல்லாமல் மெழுகு இறங்கியது. அந்த நாளை இன்றும் பெருமையாக நினைக்கிறேன். அவ்வளவு அழுக்கைப் போட்ட இடத்தில் அவ்வளவு சுத்தமான பொருள்.

வினையூக்கிக்குக் கந்தகம் விஷம். அதைப் பிடித்துக்கொள்ள முன்னால் ஜிங்க் ஆக்சைடு நிரப்பிய ஒரு பாத்திரம் இருக்கும். எவ்வளவு கந்தகம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் அதை நிரப்புவார்கள். ஒரு வாரம் குப்பை வரத்து குறைந்தது. மேலிடத்தில் டயர்த் துண்டுகளைக் கலக்கச் சொல்லிவிட்டார்கள். டயர் ரப்பரில் உறுதிக்காகக் கந்தகம் சேர்த்திருப்பார்கள். கணக்கை யாரும் திருத்தவில்லை.

எங்கள் ஷிஃப்டில் ஒரு மூத்த ஆபரேட்டர் இருந்தார். அவர்தான் முதலில் கவனித்தார். "தம்பி, மேல் பாயின்ட்ல சூடு இறங்குது, கீழ ஏறுது. நேத்தும் இப்படித்தான்" என்றார். வினையூக்கியின் மேல் அடுக்கு செத்துவிட்டது, வினை கீழ் அடுக்குக்கு இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம். லாக் புக்கில் மூன்று நாள் தொடர்ந்து எழுதினார், நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் மொத்த வினையூக்கியும் போயிற்று.

விசாரணை அறிக்கையில் 'ஆபரேட்டர் உரிய நேரத்தில் ஜிங்க் ஆக்சைடை மாற்றவில்லை' என்று எழுதினார்கள். லாக் புக்கை அந்த அறையிலேயே திறந்து காட்டினேன். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்: இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர் கையால் எழுதுவதை ஒருவரும் படிப்பதில்லை. அதையே யாராவது திரையில் வண்ணப் படமாகப் போட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அந்த மூத்த ஆபரேட்டர் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

'ஒரு பிளான்டை வைத்து முடிவு கட்டாதே, சசோல் ஓடவில்லையா?' என்று சிலர் வருவீர்கள். ஓடுகிறது. சொந்தச் சுரங்கம், தெரிந்த நிலக்கரி, பிரம்மாண்டமான அளவு. அதற்கு விலையும் உண்டு: உலகில் ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் கார்பன் டைஆக்சைடு வெளியேறும் ஆலைகளில் சசோலின் செகுண்டா ஆலையும் ஒன்று. குப்பை அப்படி இல்லை. இன்று வந்தது நாளை வராது. அமெரிக்காவின் நெவாடாவில் நகரக் குப்பையிலிருந்து செயற்கைக் கச்சா எண்ணெய் எடுத்த ஆலை 2022 இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது, 2024இல் அந்த நிறுவனம் திவாலானது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தாலும் 32 கிலோ சின்கேஸில் கிடைப்பது 14 கிலோ எரிபொருள்தான், மீதி 18 கிலோ தண்ணீராகப் போகும். இது வேதியியல் கணக்கு, யாராலும் மாற்ற முடியாது.

டிரம் முறை வேறு. அதில் சின்கேஸ் கிடையாது, பிளாஸ்டிக்கைக் காற்றில்லாமல் சூடாக்கி உடைப்பதுதான். பாலித்தீன் என்றால் எண்ணெயும் மெழுகும் வரும். ஒரு பிவிசி குழாய்த் துண்டு கலந்தால்கூட ஹைட்ரோகுளோரிக் அமிலம் வந்து இரும்பை அரிக்கும். உள்ளே காற்று புகுந்தால் வெடிக்கும். வரும் எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் பிரியாமல் கிடக்கும், வைத்திருந்தால் பிசின் கட்டும். தயவுசெய்து வீட்டில் தொடங்காதீர்கள்.

யாராவது இதில் முதலீடு செய்யச் சொன்னால், எண்ணெயைக் காட்டச் சொல்லாதீர்கள், அது யாரிடமும் இருக்கும். நிறுத்தாமல் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டு, லாக் புக்கை வாங்கிப் பாருங்கள்.