வாந்தி எடுத்தால் ஹைட்ரோகார்டிசோனை நிறுத்தலாமா?

தம்பி, அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பி கார்டிசோல் ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காத நோய்) உள்ள அம்மாவுக்குக் காய்ச்சல், காலையில் போட்ட ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையும் வாந்தியில் போய்விட்டது, வயிறு சரியாகும்வரை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தவே கூடாது. அம்மாவின் உடம்பில் குறைகிற கார்டிசோலை ஈடுகட்டுவதே இந்த மாத்திரைதான். காய்ச்சலில் உடம்புக்குக் கார்டிசோல் கூடுதலாக வேண்டும். வெறும் காய்ச்சலுக்கே மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொல்வது அதனால்தான். வயிற்றில் மாத்திரை தங்காதபோது ஊசிதான் வழி.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு இப்போதே அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரண வாந்தி என்று உட்காரவைத்தால், அட்ரினல் குறைபாடு என்று அழுத்திச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு முதலில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி, கூடவே சலைன். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை அட்டையையும் பழைய மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், சரியா?