நெஞ்சில் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனால் ஆஸ்பத்திரிகளில் உண்மையில் என்ன மாறியது?

நெஞ்சைத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் இந்த ஆபரேஷனை உங்கள் வீட்டில் யாருக்கோ டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. நெஞ்சு ஆபரேஷன் வார்டில் பதினெட்டு வருடமாக நர்ஸ். "நர்ஸுக்கு என்ன தெரியும்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு நைட் டியூட்டி பார்த்துவிட்டு வரலாம்.

முன்பெல்லாம் முதுகிலிருந்து பக்கவாட்டில் நீளமாகக் கீறி, விலா எலும்புகளை விரித்துத்தான் உள்ளே போவார்கள். இரண்டாம் நாள் அந்த ஆளை எழுப்பி உட்காரவைப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிடும். தலையணையை நெஞ்சோடு அணைக்கக் கொடுத்து, "கொஞ்சம் இருமுங்க ஐயா" என்று கெஞ்சுவோம். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியாவில் கொண்டுவிடும்.

இப்போது தலைகீழ். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி வந்தார் ஒரு லாரி டிரைவர். மூன்று துளை வழியாகச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் நாள் காலை கட்டிலில் ஆளைக் காணோம். "டீ குடிக்கப் போயிருக்காருங்க சிஸ்டர்" என்கிறார் மனைவி, சாதாரணமாக. நெஞ்சிலிருந்து வரும் டியூபோடு பாட்டிலைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேன்டீன் வரை நடந்திருக்கிறார். பெஞ்சில் வைத்த பை சாய்ந்து, பாட்டில் தண்ணீர் பாதி தரையில். அந்தத் தண்ணீர்தான் வெளிக்காற்றை நெஞ்சுக்குள் விடாமல் தடுப்பது! நிமிர்த்தி, பாட்டில் மாற்றி, இருமச் சொல்லி, எக்ஸ்ரே வரும்வரை என் கையில் நடுக்கம் நிற்கவில்லை. நல்லவேளை, நுரையீரல் விரிந்தே இருந்தது. "வலியே இல்ல சிஸ்டர், ஆபரேஷன் பண்ணதே மறந்துபோச்சு" என்றார்.

எல்லோருக்கும் துளை போதும் என்று நான் சொல்லவில்லை. பழைய டிபியில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கிடந்தால், துளையில் ஆரம்பித்துத் திறந்து முடிக்கவும் நேரும். அதை டாக்டரின் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்த 'வயலெட்' என்ற நுரையீரல் புற்றுநோய் ஆய்வில், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் நடுமதிப்பு துளை வழிக்கு 4, திறந்து செய்ததற்கு 5. ஒரு நாள்தானே என்பீர்கள். அந்த ஒரு நாளில் அதே கட்டிலுக்கு அடுத்தவர் வந்துவிடுகிறார். நர்ஸ்கள் மட்டும் அதே எண்ணிக்கை. அதுவாவது பரவாயில்லை. காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்றால், இன்சூரன்ஸ் ஒப்புதல் வர சாயங்காலம் ஆறு மணி. அதுவரை டிரஸ் மாற்றி, பை கட்டி, கட்டில் நுனியில் உட்கார்ந்திருக்கிறவரிடம் திட்டு வாங்குவது யார் என்கிறீர்கள்?