லிட்டருக்கு ஏழரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கார் ஒன்றை வாங்கினேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 245 குதிரைத்திறன். கல்லூரி நாளிலிருந்து கண்ட கனவு. மேடவாக்கத்திலிருந்து தரமணிக்கு தினமும் அலுவலகம் போய்வருகிறேன். லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டரைத் தாண்டவில்லை. கம்பெனி சொன்ன எண் இதைப்போல் இரண்டு மடங்கு. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு எந்தக் கோளாறும் இல்லை என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர், இன்ஜினின் மென்பொருளை மாற்றி எழுதினால் சக்தியும் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார். அப்பா தன் ஸ்கூட்டருக்கு இருபது வருடம் நோட்டுப் போட்டு பெட்ரோல் கணக்கு எழுதியவர். “ஏழரையா? எண்ணே சரியில்லையே” என்கிறார். டர்போதான் பெட்ரோலைக் குடிக்கிறதா? விற்றுவிடலாமா?

ம., மேடவாக்கம்

அன்புள்ள ம.,

விற்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மெக்கானிக்கிடம் போக வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

நீங்கள் போகும் வழியை நானும் பலமுறை போயிருக்கிறேன். மேடவாக்கம் கூட்டுரோடு, பள்ளிக்கரணை, விஜயநகர், பிறகு எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலை நோக்கி ஊர்வது. சுமார் 11 கிலோமீட்டர். லிட்டருக்கு ஏழரை என்றால் ஒருமுறை போக உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆகிறது. அந்த ஒன்றரை லிட்டர் எங்கே போகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கூடவே வாருங்கள்.

உங்களோடு சேர்த்து வண்டி ஒன்றரை டன். நின்ற இடத்திலிருந்து அதை 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஆற்றலை, இன்ஜின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்துப் பெட்ரோலாக மாற்றினால் சுமார் 18 மில்லி வருகிறது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஷேர் ஆட்டோ நிற்கிறது. நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள். அந்தப் பாலாடைப் பெட்ரோல் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விட்டது. 11 கிலோமீட்டரில் முப்பது முறை இப்படி நடந்தால் 540 மில்லி. சிக்னல்களில் மொத்தம் கால் மணி நேரம் ஏசியோடு நின்றால் இன்னொரு 300 மில்லி. ஆக, பாதிக்கு மேற்பட்ட பெட்ரோல் நின்று கிளம்புவதற்கும் சும்மா நிற்பதற்குமே தீர்ந்துவிட்டது. மிச்சம் 630 மில்லி. அதில் 11 கிலோமீட்டர் என்றால் லிட்டருக்கு 17க்கு மேல். தோராயக் கணக்குதான், ஆனால் உங்கள் இன்ஜினின் நிஜமான சுபாவம் அந்தப் பதினேழில்தான் தெரிகிறது.

டர்போவைத் திட்டுவது எனக்கு மனவருத்தம் தருகிறது. அந்தக் கருவி பிறந்ததே சிக்கனத்துக்காக. எரித்த எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வீணாகிறதே என்று பார்த்தவர், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. வெளியேறும் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் யோசனைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். வீட்டில் சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் பயன்படுத்துவது போன்ற காரியம் அது.

திணித்த காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று தேவை, எடைக் கணக்கில். காற்று இரண்டு மடங்கானால் பெட்ரோலும் இரண்டு மடங்காகும். உங்கள் காருக்குள் ஒரு சின்ன இன்ஜினும் ஒரு பெரிய இன்ஜினும் சேர்ந்தே இருக்கின்றன. ஆக்சிலரேட்டரைத் தடவினால் சின்னது வேலை செய்கிறது. அமுக்கினால் பெரியது வந்து நிற்கிறது. முழுவதும் அமுக்கினால் இன்னொன்றும் நடக்கும். உள்ளே வெப்பம் எல்லை மீறி, நெருப்புப்பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கவும் டர்போவின் சக்கரத்தைக் காப்பாற்றவும், கணினி தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலைத் தெளிக்கும். 14.7 என்ற விகிதம் 12-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்த உபரிப் பெட்ரோல் உங்களை நகர்த்துவதில்லை, இன்ஜினைக் குளிரவைக்கிறது. 245 குதிரைகளும் இழுக்கும்போது நொடிக்கு சுமார் 20 மில்லி செலவாகிறது. பள்ளிக்கரணையில் இரண்டு பஸ்களுக்கு நடுவே கிடைத்த ஐம்பது மீட்டர் இடைவெளிக்காக அந்த 20 மில்லியை எரிப்பதில் என்ன இன்பம் இருக்கிறது?

கம்பெனி சொன்ன எண்ணும் பொய்யில்லை. அது உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், வகுத்துவைத்த வேகங்களில் மெதுவாக ஏறி இறங்கி எடுத்த எண். அந்தச் சோதனையின் உச்ச வேகமே 90 கி.மீ.தான். வண்டியோடு வண்டியை ஒப்பிட அது உதவும். அதில் விஜயநகர் சிக்னல் கிடையாது, சித்திரை வெயிலும் கிடையாது. வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் தார்ச்சாலைக்கு மேல் கிடக்கும் காற்றை உறிஞ்சும் டர்போ இன்ஜின், வெடிப்பைத் தவிர்க்கப் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. ஒவ்வொரு துளியிலிருந்தும் கிடைக்கும் வேலை குறைகிறது. இப்போது பங்க்கில் கிடைக்கும், எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு லிட்டர், எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் லிட்டருக்கு ஆறு ஏழு சதவீத ஆற்றல் குறைகிறது.

மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிக நெருங்கிய நண்பர் ஒருவர் இதைச் செய்துகொண்டார். சக்தி கூடியது உண்மை. காற்றழுத்தத்தைக் கூட்டினால் கூடத்தான் செய்யும். மைலேஜ் கூடியதாக டேஷ்போர்டு காட்டியது. டேங்க்கை நிரப்பி அளந்தபோது பழைய எண்ணே வந்தது. அடுத்த மே மாதம் திண்டிவனத்துக்கு அருகே நெடுஞ்சாலையில் வண்டி சக்தியிழந்து நின்றது. ஒரு பிஸ்டனின் விளிம்பு உடைந்திருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். நகம் கடித்துத் துப்பியதுபோல ஒரு துண்டு காணவில்லை. தொழிற்சாலையில் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளி நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர் பெட்ரோலுக்குமானது. அதை விற்றுச் சக்தி வாங்காதீர்கள்.

அளப்பதைச் சரியாக அளங்கள். டேஷ்போர்டு எண்ணை நம்பாமல், ஒரே பங்க், ஒரே குழாய், தானாக நிற்கும் வரை நிரப்புவது, மேலே சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொல்லாதிருப்பது. மூன்று டேங்க்குக்கு இப்படி எழுதினால் போதும். இதே வகை வண்டி ஒன்று என்னிடம் சில மாதங்கள் இருந்தது. ராஜீவ் காந்தி சாலையில் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஒரு வாரம் போய்வந்தேன்: 240 கி.மீ., 31 லிட்டர். அதே வண்டியில் ஒரு ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் நிரப்பிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ஐத் தாண்டாமல் மாமல்லபுரம் போய்த் திரும்பினேன்: 91 கி.மீ., 5.7 லிட்டர். ஏழே முக்கால் எங்கே, பதினாறு எங்கே! முட்டுக்காடு பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. தடவினால் போகும் வண்டியின் மென்மையை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் சிவப்பாவது தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்துவிடுங்கள், கியரை எடுக்காதீர்கள். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜின், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் நிற்காமலிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். டயர் காற்றை மாதம் இருமுறை பாருங்கள்.

பெரிய இன்ஜினை எழுப்பிப் பார்க்கும் ஆசையையும் நான் புரிந்துகொள்கிறேன். அதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இடமல்ல. அங்கே இருட்டில் மீனவர்கள் சைக்கிளில் சாலையைக் கடக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. பொது ஓட்டுநர்களை அனுமதிக்கும் நாளில் போங்கள். அங்கே லிட்டருக்கு மூன்று நான்குதான் கிடைக்கும், ஒரு பைசாவுக்கும் வருந்தமாட்டீர்கள். முன்பு சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய ஊர் இது. வேகத்துக்கு முறையான இடம் இங்கே எப்போதும் இருந்திருக்கிறது.

அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு ஞாயிறு விடியலில் அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து மாமல்லபுரம் போய்வாருங்கள். நோட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பங்க்கில் இறங்கி மீட்டரைப் பார்த்து எண்ணை அவரே எழுதட்டும்.