பரணில் கிடக்கும் ஃபைல்களும் முதலாளியின் சம்மதமும்

கேள்வி: தம்புச் செட்டித் தெருவில், இறக்குமதிச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்சி ஒன்றில் ஆவணப் பிரிவைக் கவனிக்கிறேன். ஃபைல்களை இணையச் சேமிப்புக்கு மாற்றலாம் என்றால், "வேலைதான் நடக்கிறதே, வீண் செலவு எதற்கு?" என்கிறார் முதலாளி. அவர் ஏற்கும்படி எப்படி எழுதிக் கொடுப்பது?
– வாசகர், இராயபுரம்

பதில்: முதலாளி கேட்பது நியாயமான கேள்வி; அதற்கு ரூபாய்க் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும்.

சுங்கத்துறைக்கு ஆவணங்களை இணையத்தில் அனுப்பும் இ-சஞ்சித் வசதி 2018-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போன்றவற்றை நீங்களே ஸ்கேன் செய்து பதிவேற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐ.ஆர்.என். என்னும் ஆவண அடையாள எண்ணைப் பெறுகிறீர்கள். அந்த மின்கோப்பை யாரோ ஒருவருடைய கணினியில் பெயரில்லாமல் விட்டுவிட்டு, அதன் அச்சுப் பிரதியைக் கட்டிப் பரணில் ஏற்றுவதுதான் பல அலுவலகங்களில் நடக்கிறது. ஆகவே, புதிய ஃபைல்களுக்கு ஸ்கேன் செலவு ஏறக்குறைய இல்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிக்கை) எண், தேதி, பார்ட்டி (வாடிக்கையாளர்) பெயர் என்ற வரிசையில் பெயரிட்டுப் பொதுவான ஓரிடத்தில் சேர்ப்பதே மீதி வேலை.

அடுத்தது தேடும் செலவு. இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஃபைலை யார் கேட்டார், ஏணி வைத்து ஏறிக் கட்டவிழ்த்து எடுத்துவர எவ்வளவு நேரமானது என்று குறித்து வையுங்கள். அந்த நேரத்துக்குரிய சம்பளத்தோடு கிடங்கு வாடகையையும் கூட்டிக் காட்டினால், எந்த முதலாளியும் நின்று படிப்பார்.

சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகள் (2018) பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகளும், ஜி.எஸ்.டி. சட்டம் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களும் காக்கச் சொல்கின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றதை அவரும் பார்த்திருப்பார்; நனைந்த கட்டுக்கு மறுபிரதி உண்டா என்று கேளுங்கள். மின்பதிவுகளைப் பாதுகாப்பதை, உரிய நிபந்தனைகளுடன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் (2000) 7-ஆம் பிரிவு ஏற்கிறது.

காகிதமே இருக்காது என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பவர் பத்திரம் போன்ற அசல்கள் பீரோவில்தான் இருக்க வேண்டும். இணையச் சேமிப்பின் மாதச் சந்தா, வேறோர் இடத்தில் வைக்கும் மறுபிரதி, வேலையை விட்டுப் போகிறவரின் கடவுச்சொல்லை அன்றே முடக்கும் பொறுப்பு ஆகிய செலவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் உங்கள் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். பழைய கட்டுகளை முழுவதும் ஸ்கேன் செய்யக் கேட்க வேண்டாம். அதிகமாக ஃபைல் கேட்கும் ஒரே ஒரு பார்ட்டியின் ஆவணங்களை மட்டும் 3 மாதம் நடத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள்.