சொகுசுக் கப்பலின் முகப்பில் நின்று கடல் பார்க்க எல்லோருக்கும் இடம் உண்டா?

உண்டு, பெயர்ப்பலகைதான் பெரிதாக இருக்காது. கார்னிவல் நிறுவனத்தின் பல கப்பல்களில், அறைகளுக்கு நடுவே போகும் நடைவழியில் முன்பக்கமாகக் கடைசிவரை நடந்து போங்கள். ஊழியர் கதவு போலவே கனமான கதவு ஒன்று நிற்கும். 'ஊழியர் மட்டும்' என்று எழுதாமல் இருந்தால் தயங்காமல் திறங்கள், வெளியே திறந்த தளம். தள வரைபடத்தில் முதல் அறைகளுக்கும் முன்னால் வெற்றிடம் தெரிகிறதா? அதுதான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் வாயேஜர் வகைக் கப்பல்களில் ஹெலிகாப்டர் தளத்துக்கே போகலாம்.

காற்றை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால், இலை அசையாத நாளிலும் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கும். காற்று கூடினால் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம், இரவில் தயவுசெய்து டார்ச் அடிக்காதீர்கள். மேலே கப்பலைச் செலுத்துபவர்களின் கண்கள் இருட்டுக்குப் பழகியிருக்கும்.