வாசகர் கேள்வி – பதில்: குடிவழித் தளத்துக்குள் சூதாட்டப் பக்கங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நகரத்தார் புள்ளிகளின் (மணமான குடும்பங்களின்) குடிவழியைத் திரட்டி, உறவினர்கள் சிலர் சேர்ந்து கைப்பணத்தில் ஓர் இணையதளம் நடத்தி வருகிறோம். கூகுளில் தேடி உள்ளே வந்தால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது என்று பினாங்கில் இருக்கும் எங்கள் பங்காளி சொல்கிறார். நாங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்தால் தளம் ஒழுங்காகவே வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பங்காளி சொல்வதை அப்படியே நம்புங்கள். தேடுபொறி வழியாக வருபவருக்கு ஒரு பக்கமும், நேரடியாக முகவரி இட்டு வருபவருக்கு வேறொரு பக்கமும் தெரியும்படி நிரல் எழுதி வைப்பது இப்படிப் புகுபவர்களின் வழக்கம். தளத்தை நடத்துபவரின் கண்ணில் படாமல் நெடுநாள் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. உங்கள் குடும்பத்தின் மேல் அவர்களுக்குப் பகை எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக இயங்கித் தேடுபொறியிடம் நற்பெயர் பெற்றிருந்தும், மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் தளங்களைத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. ஓய்வு நேரத்தில் நடத்தப்படும் குடிவழித் தளங்கள் அவற்றிடம் எளிதில் அகப்படுகின்றன.

தளத்தைத் தற்காலிகமாக மூடுங்கள். எதையும் அழிப்பதற்கு முன்னால் கோப்புகள், தரவுத்தளம், சர்வரின் வருகைப் பதிவுகள் ஆகியவற்றை நகலெடுத்து வையுங்கள். புகுந்த வழியைப் பெரும்பாலும் அந்தப் பதிவுகள்தான் காட்டும். அடுத்து, ரங்கூன் கிட்டங்கி (நம் முன்னோர் தங்கி வணிகம் செய்த இடம்) போன்ற பழைய படங்களை ஏற்றி வைத்திருக்கும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஜேபிஜி படக் கோப்புகளுக்கு நடுவே பிஎச்பி என்று முடியும் நிரல் கோப்பு ஒன்று கிடந்தால், அது திருடன் செய்து வைத்துக்கொண்ட மாற்றுச் சாவி. அதை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அதுபோல வேறு கோப்புகளும் இருக்கலாம். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளையும் அதன் செருகுநிரல்களையும் மூல இடத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவுவதே நம்பத்தக்க வழி. பழைய காப்புநகலை ஏற்றுவதானால், அது ஊடுருவலுக்கு முந்தையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹோஸ்டிங், தரவுத்தளம், நிர்வாகிக் கணக்கு என எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, விலகிப் போனவர்களின் கணக்குகளை நீக்குங்கள்.

தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், உங்களுக்குத் தெரியாத யாரேனும் தளத்தின் உரிமையாளராகப் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்து நீக்குங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வந்திருந்தால், சுத்தம் செய்த பிறகு மறுஆய்வு கோருங்கள். சூதாட்டப் பக்கங்களின் முகவரிகளை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாமல், பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 அல்லது 410 என்ற விடையைத் தரும்படி விட்டுவிடுங்கள்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது பெயர்கள்தான். புகுந்தவர்கள் பெரும்பாலும் இணைப்புகளைச் செருகுவதோடு நிற்பார்கள்; ஆனால் சுத்தம் செய்யும் அவசரத்தில் பதிவுகள் சிதையக்கூடும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருவதால், நடுவில் இரண்டு தலைமுறை விடுபட்டாலும் வரிசை பொருத்தமாகவே தோன்றும். நகரக் கோயில் (நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் சார்ந்திருக்கும் கோயில் பிரிவு) பெயர் மாறிப்போனால் பெண் கொடுக்கல் வாங்கலிலேயே குழப்பம் வரும். பிள்ளையார்பட்டியாரும் இரணியூராரும் தங்களுக்குள் மணம் செய்வதில்லை என்பதை அறியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் தளத்தைத்தான் நம்புகிறார்கள். ஆகவே கெட்காம் (குடிவழித் தகவலைப் பரிமாறும் பொது வடிவம்) கோப்பாக எடுத்து வைத்த பழைய பிரதியோடு இப்போதைய பதிவை ஒப்பிடுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் வேறுபாடு உடனே தெரியும். பிரதி இல்லையென்றால், வீடுகளில் உள்ள இசைகுடிமானங்களையும் (திருமண ஒப்பந்த ஓலைகள்) கோயில் புள்ளிக் கணக்கையும் வைத்துச் சரிபார்க்க வேண்டியதுதான். காலம் பிடிக்கும் வேலை என்றாலும், இதைச் செய்யாமல் தளத்தைத் திறக்காதீர்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட ஒரு தளத்தில் என் மகள்களின் பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் இருந்தன. அவை களவு போயிருக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தரவுத்தளம் வரை யாரேனும் சென்றிருந்தால், போயிருக்கிறது என்றே கொள்ளுங்கள். குடிவழி ஆய்வாளர்களின் பழைய தளமான ரூட்ஸ்வெப்பிலிருந்து சுமார் 3 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கசிந்திருந்தது 2017 டிசம்பரில் தெரியவந்தது. நீங்கள் சொல்லும் குடிவழித் தளத்தில் இட்ட கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் இன்றே மாற்றுங்கள். உறவினர் பெயர்களைச் சரியாகச் சொல்லிப் பணம் கேட்டு வரும் அழைப்பை வீட்டில் யாரும் நம்பிவிட வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குத் தெரிவியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை உறுப்பினர் அல்லாதவருக்கு மறைக்கும் வசதி வெப்ட்ரீஸ் போன்ற குடிவழி மென்பொருள்களில் உண்டு. அதை இயக்கச் சொல்லியும், கைப்பேசி எண்களை அறவே நீக்கச் சொல்லியும் தளத்தை நடத்துபவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.